பெங்களூரில் பார்மசிஸ்ட் ஆக: கல்லூரிச் சேர்க்கை முதல் கவுன்சில் பதிவு வரை

டி.பார்ம் முடித்து டிப்ளமோ கைக்கு வந்துவிட்டால் பார்மசிஸ்ட் ஆகிவிட்டோம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, மாநில பார்மசி கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கலாம். தன்னிடம் வரும் நோயாளிக்குத் தானே மருந்து தரும் டாக்டருக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் கொடுத்தால் அபராதம், சிறை இரண்டுக்கும் அந்தப் பிரிவில் இடம் இருக்கிறது.

அந்தப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறுமா என்பது பெரும்பாலும் நீங்கள் கல்லூரியில் பணம் கட்டும் அன்றே முடிவாகிவிடுகிறது. படிப்பெல்லாம் முடிந்து, விஜயநகரில் இருக்கும் கர்நாடக மாநில பார்மசி கவுன்சில் அலுவலகத்தில் போய் நிற்கும்போது "இந்தக் கல்லூரிக்கு அந்த வருடம் அனுமதி இல்லையே" என்று தெரியவந்தால், போன வருடங்கள் போனதுதான். அதனால் இந்தக் கட்டுரையில் சேர்க்கைக்கு முந்தைய வேலைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

யார் எதற்குப் பொறுப்பு

இந்திய பார்மசி கவுன்சில், சுருக்கமாகப் பிசிஐ, டெல்லியில் இருக்கிறது. பாடத்திட்டம், ஆசிரியர் தகுதி, லேப் வசதி, எத்தனை மாணவர்களைச் சேர்க்கலாம் என்பதையெல்லாம் வகுப்பதும், கல்லூரிக்கு அனுமதி கொடுப்பதும் எடுப்பதும் பிசிஐதான். கர்நாடக மாநில கவுன்சில் தனி அமைப்பு. பதிவேடு அதன் பொறுப்பு.

தேர்வு நடத்துவது இந்த இரண்டுமே அல்ல. கர்நாடகத்தில் டி.பார்ம் தேர்வை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கீழ் உள்ள தேர்வு வாரியம் நடத்துகிறது. பேலஸ் ரோட்டில் இருக்கும் அதே துறைதான் மெடிக்கல் ஷாப்புகளுக்கு லைசன்ஸும் கொடுக்கிறது. பி.பார்ம், பார்ம்.டி படிப்புகளில் பெரும்பாலானவை ஜெயநகரில் இருக்கும் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் (ஏஐசிடிஇ) அனுமதிக் கடிதத்தைப் பெரிய பிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கும் கல்லூரிகள் உண்டு. அதைப் பார்த்து மயங்க வேண்டாம். பார்மசி படிப்பைப் பொறுத்தவரை பார்மசி சட்டமும் பிசிஐயும்தான் இறுதி என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இந்தச் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய பார்மசி ஆணையம் அமைப்பதற்கான வரைவு மசோதாவை மத்திய சுகாதார அமைச்சகம் 2023 நவம்பரில் வெளியிட்டது. வரைவில் இருப்பதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

எந்தப் படிப்பு

டி.பார்ம் இரண்டு ஆண்டுகள், அதற்குமேல் குறைந்தது மூன்று மாத நடைமுறைப் பயிற்சி. பி.பார்ம் நான்கு ஆண்டுகள், எட்டு செமஸ்டர். பார்ம்.டி ஆறு ஆண்டுகள், கடைசி ஆண்டு முழுவதும் ஆஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப். மூன்றில் எதை முடித்தாலும் பதிவுக்குத் தகுதி உண்டு, டி.பார்முக்கு மட்டும் பின்னால் சொல்லும் எக்ஸிட் தேர்வும் சேரும்.

மெடிக்கல் ஷாப்பிலோ ஆஸ்பத்திரி பார்மசியிலோ சீக்கிரம் வேலையில் சேர வேண்டும் என்றால் டி.பார்ம் போதும். பிறகு மனம் மாறினால் லேட்ரல் என்ட்ரி மூலம் நேராக பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் சேரலாம். மருந்துக் கம்பெனி, தரக் கட்டுப்பாட்டு லேப், டிரக் இன்ஸ்பெக்டர் பதவி என்று யோசிப்பவர்கள் முதலிலேயே பி.பார்ம் எடுப்பது நல்லது. பார்ம்.டி எடுப்பவர்கள் கல்லூரியைவிட அதோடு இணைந்த ஆஸ்பத்திரியைப் பாருங்கள். விதிப்படி அது குறைந்தது 300 படுக்கை கொண்டதாக இருக்க வேண்டும். கல்லூரிக்கே சொந்த ஆஸ்பத்திரி இல்லையென்றால் எந்த ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம், கல்லூரியிலிருந்து அது எவ்வளவு தூரம், தினமும் வார்டுக்குள் விடுகிறார்களா என்பதைச் சீனியர் மாணவர்களிடம் கேளுங்கள்.

தபால்வழி டி.பார்ம், தொலைநிலை பி.பார்ம் என்று எதுவுமே கிடையாது. "வேறு மாநிலத்தில் பெயரை மட்டும் போட்டு வைப்போம், பரீட்சைக்குப் போனால் போதும்" என்று சொல்லும் ஏஜெண்டிடம் பணம் கொடுத்தால் அது திரும்பி வராது. வெளிமாநில டிப்ளமோ வந்தால் கவுன்சில் அதைத் தேர்வு நடத்திய அமைப்புக்கே அனுப்பி உண்மைத்தன்மையைக் கேட்கும். வருகைப்பதிவும் பயிற்சியும் இல்லாத படிப்பு அங்கேதான் அகப்படும்.

கல்லூரியின் அனுமதியைச் சரிபார்க்கும் முறை

பிசிஐ இணையதளத்தில் அனுமதி பெற்ற கல்லூரிகளின் பட்டியல் மாநிலவாரியாகவும் படிப்புவாரியாகவும் இருக்கிறது. கல்லூரியின் பெயர் அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அது போதாது. நான்கு விஷயங்களை ஒப்பிட வேண்டும்.

முதலாவது, படிப்பு. அனுமதி கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. டி.பார்முக்கு அனுமதி வைத்திருக்கும் கல்லூரி, பி.பார்மும் எங்களிடம் உண்டு என்று நோட்டீஸ் அடித்திருக்கலாம். இரண்டுக்கும் தனித்தனியாகத் தேடுங்கள்.

இரண்டாவது, கல்வி ஆண்டு. எந்த ஆண்டு வரை அனுமதி என்று பட்டியலில் குறிப்பிட்டிருக்கும். நீங்கள் சேரும் ஆண்டு அதற்குள் வர வேண்டும். "போன வருடம் இருந்தது, இந்த வருடத்துக்குக் கடிதம் வந்துகொண்டிருக்கிறது" என்று சொன்னால், கடிதம் வரட்டும், அப்புறம் பணம் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, எத்தனை சீட். 60 பேருக்கு அனுமதி வாங்கிய கல்லூரி 75 பேரைச் சேர்த்தால், அந்தக் கூடுதல் 15 பேரின் சேர்க்கை செல்லாது. யார் அந்தப் பதினைந்து பேர் என்பது சேரும்போது தெரியாது. கடைசி நேரத்தில், எல்லாச் சீட்டும் நிரம்பிய பிறகு "ஒன்று ஏற்பாடு செய்து தருகிறோம்" என்று கூப்பிட்டுக் கொடுக்கும் சீட்டுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

நான்காவது, முகவரி. ஒரே டிரஸ்ட் நகரத்தில் ஒன்றும் தும்கூர் ரோட்டில் ஒன்றுமாக ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு கல்லூரி நடத்தும். நீங்கள் பார்த்துவிட்டு வந்த கட்டடமும் பட்டியலில் உள்ள முகவரியும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

புதுக் கல்லூரியாக இருந்தால் இன்னொன்றும் கேட்க வேண்டும். பார்மசி சட்டத்தின் 12ஆம் பிரிவில் இரண்டு கட்டம் உண்டு. படிப்பை நடத்த அனுமதி ஒன்று. இறுதித் தேர்வுக்கான அங்கீகாரம் மற்றொன்று. முதல் செட் மாணவர்கள் கடைசித் தேர்வு எழுதும் நேரத்தில்தான் இரண்டாவது கிடைக்கும். பதிவுக்கு வேண்டியது அந்த இரண்டாவது. முதல் செட்டில் சேர்பவர்கள் இதைத் தெரிந்தே சேர வேண்டும். கல்லூரி ஆசிரியர்களையும் லேப்பையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளாவிட்டால் சிக்கல் முதலில் அந்த செட்டின் தலையில்தான் விழும். புதுக் கல்லூரிகளுக்குப் பிசிஐ 2019இல் போட்ட தடை செல்லாது என்று உயர் நீதிமன்றங்கள் சொன்னதை 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தடை போடுவதென்றால் முறையான விதி கொண்டுவந்து போட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதன்பின் புதுப் பெயர்கள் பட்டியலில் ஏறிக்கொண்டே இருப்பதால் இந்தக் கேள்வி முன்பைவிட இப்போது முக்கியம்.

நேரில் போனால் பிரின்சிபால் அறையில் உட்கார்ந்து பேசுவதைவிட லேபைப் பார்ப்பது பயன் தரும். பிராக்டிகல் நடக்கும்போது ஒரு பேட்சில் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மெஷின் ரூம், மூலிகைத் தோட்டம், மாடல் பார்மசி மூன்றும் விதிகள் கேட்பவை. டேப்லெட் மெஷினில் தூசி படிந்திருந்தால் அது இன்ஸ்பெக்ஷனுக்காக வாங்கி வைத்தது என்று புரிந்துகொள்ளலாம்.

சேர்க்கைக் காகிதங்கள்

பியூசி அல்லது ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல் இரண்டும் கட்டாயம். மூன்றாவதாக உயிரியலோ கணிதமோ இருக்க வேண்டும். இது டி.பார்முக்கும் பி.பார்முக்கும் பொது.

பி.பார்ம், பார்ம்.டி அரசு ஒதுக்கீட்டு சீட்டுக்கு கேசிஇடி என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கர்நாடகத் தேர்வு ஆணையம் நடத்துகிறது. பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் மொழி தடையில்லை. கேட்பது படித்த கணக்கைத்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் பியூசி வரை குறைந்தது ஏழு கல்வி ஆண்டுகள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான பிரிவு. அதற்குப் பள்ளியிலிருந்து ஸ்டடி சர்டிபிகேட் வாங்கி வட்டாரக் கல்வி அலுவலரின் கையெழுத்தும் பெற வேண்டும். ஸ்கூல் மாறியவர்கள் ஒவ்வொரு ஸ்கூலிலும் வாங்க வேண்டியிருக்கும் என்பதால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் முன்பே ஆரம்பியுங்கள்.

தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ முடித்து இங்கே பி.பார்ம் சேர்பவர்களுக்கு ராஜீவ் காந்தி பல்கலைக்கழகத்தின் எலிஜிபிலிட்டி சர்டிபிகேட் தேவை. மைக்ரேஷன் சர்டிபிகேட்டையும் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். கல்லூரி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டுக் கடைசியில் ஹால் டிக்கெட் நேரத்தில் அலைபவர்கள் உண்டு.

தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது: இனிஷியல். எஸ்எஸ்எல்சியில் "எஸ். முருகன்", ஆதாரில் "முருகன் செல்வம்", கல்லூரிப் பதிவில் "முருகன் எஸ்", டிப்ளமோவில் வேறு ஒன்று. நான்கு வருடம் யாரும் கேட்க மாட்டார்கள். பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது எல்லாம் ஒரே பெயரில் இருக்க வேண்டும் என்பார்கள். எஸ்எஸ்எல்சி மார்க்ஸ் கார்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே கல்லூரி விண்ணப்பத்தில் எழுதுங்கள். ஆதாரை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆதாரில் திருத்துவது சுலபம், போர்டு மார்க்ஸ் கார்டில் திருத்துவது பெரும்பாடு.

500 மணி நேரப் பயிற்சி

டி.பார்ம் படிப்பிலேயே அதிகம் ஏமாற்றப்படும் பகுதி இது. அதிகம் பயன் தரும் பகுதியும் இதுதான். இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்குப் பிறகு ஆஸ்பத்திரி பார்மசியிலோ லைசன்ஸ் உள்ள மெடிக்கல் ஷாப்பிலோ குறைந்தது 500 மணி நேரம், மூன்று மாதத்துக்குக் குறையாமல் பயிற்சி எடுக்க வேண்டும். அதில் பாதி நேரமாவது சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் போக வேண்டும். பயிற்சி தருபவர் பதிவு பெற்ற பார்மசிஸ்டாக இருக்க வேண்டும். கடை முதலாளி கையெழுத்து எடுபடாது.

தினமும் ஆறு மணி நேரம் வீதம் வாரம் ஆறு நாள் போனால் சுமார் பதினான்கு வாரத்தில் 500 மணி முடியும். அதாவது மூன்று மாதத்தைத் தாண்டும். "ஒரு மாதம் வந்தால் போதும், மூன்று மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம்" என்பவரிடம் போனால் இழப்பு உங்களுக்குத்தான். தேதிகள் முரண்பட்டால் சான்றிதழே நிராகரிக்கப்படும். பயிற்சி ஒப்பந்தப் படிவத்தில் ஆரம்பத் தேதியும் கையெழுத்தும் முதல் நாளிலேயே ஏறட்டும்.

அங்கே என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? பெட்டியில் மாத்திரை எங்கே இருக்கிறது என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அது பயிற்சி இல்லை. செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு ஒரு சீட்டு வருகிறது என்று வையுங்கள். அது ஹெச்1 எனப்படும், கூடுதல் கட்டுப்பாடு உள்ள பட்டியலில் வரும் மருந்து. டாக்டரின் பெயரும் முகவரியும், நோயாளியின் பெயர், மருந்து, எண்ணிக்கை, இவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். இதை நீங்களே எழுதிப் பழகுங்கள். குழந்தைகளுக்கான ஆன்டிபயாட்டிக் டிரை சிரப் வாங்க வரும் தாய்க்கு, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் ஊற்றி நன்றாகக் குலுக்கி, பிறகு பாட்டிலில் உள்ள கோடு வரை நிரப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். கோட்டைத் தாண்டினால் மருந்து நீர்த்துப்போகும், குறைந்தால் வீரியம் கூடும். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிரீஸரில் வைத்து உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மெத்தோட்ரெக்ஸேட் சீட்டு வந்தால் நிதானித்துப் படியுங்கள். மூட்டுவாதத்துக்கு அது வாரம் ஒரு முறை. பெரியவர்கள் வழக்கமான மாத்திரை என்று நினைத்துத் தினமும் போட்டுக்கொண்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். எந்தக் கிழமை என்று கேட்டு, அந்தக் கிழமையைக் கவரின் மேல் அவர்களுக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். பெங்களூர் கவுன்டரில் ஒரு மணி நேரத்தில் கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு, இந்தி எல்லாம் வரும். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் இந்த மூன்று மாதத்தில் "ஊட்டக்கே முஞ்சே", "ஊட்ட ஆத மேலே" அளவுக்காவது கன்னடம் பேசப் பழகிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது தப்பாகப் போய்ச் சேரக் கூடாது.

பி.பார்ம் மாணவர்களுக்கு ஆறாவது செமஸ்டர் முடிந்து ஏழாவது தொடங்கும் முன் 150 மணி நேரப் பயிற்சி உண்டு. வருகைப்பதிவில் ஒவ்வொரு பாடத்துக்கும் 80 சதவீதம் வேண்டும். மொத்தச் சராசரியை வைத்துத் தப்பிக்க முடியாது.

எக்ஸிட் தேர்வு

இது டி.பார்ம் முடிப்பவர்கள் மட்டும் பதிவுக்கு முன் எழுத வேண்டிய தேர்வு. 2022இல் விதி வந்தது, முதல் தேர்வு 2024 அக்டோபரில் நடந்தது. மூன்று தாள், எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், ஆங்கிலத்தில். ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம் எடுக்க வேண்டும், அதுவும் ஒரே முறையில். இரண்டு தாள் பாஸ், ஒரு தாள் பெயில் என்றால் மூன்றையும் மறுபடி எழுத வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.

டி.பார்ம் பாடங்களில் 40 சதவீதத்தில் பாஸ் ஆகிவிடலாம் என்பதால் பலர் அந்த அளவிலேயே நின்றுவிடுகிறார்கள். எக்ஸிட் தேர்வு அங்கே வந்து பிடிக்கும். சட்டம், மருந்துக்கடை நிர்வாகம் போன்ற பாடங்களை "சும்மா பாடம்" என்று விட்டவர்கள் தடுமாறுவது இதில்தான். எந்த ஆண்டுச் சேர்க்கை முதல் கட்டாயம் என்பதைக் கல்லூரி சொல்வதை வைத்து முடிவு செய்யாமல் மாநில கவுன்சிலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவு விண்ணப்பம்

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். கர்நாடகத்தில் குடியிருக்க வேண்டும், அல்லது இங்கே தொழில் செய்ய வேண்டும். அந்த "அல்லது" ஓசூரிலிருந்து வந்து போகிறவர்களுக்கு முக்கியம். ஆதார் முகவரி தமிழ்நாடாக இருந்தாலும் வேலை பெங்களூரில் என்றால் சட்டம் தடுக்கவில்லை. வேலை கொடுத்தவரின் கடிதத்தைக் கடையின் லைசன்ஸ் நகலோடு எடுத்துப் போங்கள்.

எஸ்எஸ்எல்சி, பியூசி மார்க்ஸ் கார்டு, எல்லா ஆண்டு மார்க்ஸ் கார்டுகள், டிப்ளமோ அல்லது பட்டச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ், தேவைப்படுபவர்களுக்கு எக்ஸிட் தேர்வுச் சான்று, ஆதார், போட்டோ. ஒரிஜினல் இல்லாமல் போகாதீர்கள். ஒரிஜினலைக் கல்லூரியிலோ கடையிலோ பிடித்து வைத்திருந்தால் முதலில் அதை வாங்குங்கள்.

விண்ணப்பத்தை ரெஜிஸ்ட்ரார் நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிராகரித்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாநில கவுன்சிலிடம் மேல்முறையீடு செய்யலாம். கவுன்டரில் வாய்மொழியாகச் சொன்னதை நம்பித் திரும்பிவிட்டால் மேல்முறையீட்டுக்கு ஆதாரமே இருக்காது.

தமிழ்நாட்டுப் பதிவோடு வருபவர்கள்

வேறு மாநிலத்தில் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் இங்கே பதிவு செய்யச் சட்டத்தின் 32ஆம் பிரிவே வழி தருகிறது. மறுபடி தேர்வு எழுத வேண்டியதில்லை. முதலில் தமிழ்நாடு கவுன்சிலில் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ரினிவல் விட்டுப்போயிருந்தால் அதைக் கட்டிய பிறகுதான் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, கிடைக்கும். சென்னையில் என்ஓசிக்கு விண்ணப்பித்துவிட்டு, அது வந்த பின் இங்கே விண்ணப்பிப்பது சரியான வரிசை. இரண்டு மாநிலத்திலும் ஒரே நேரத்தில் பெயரை வைத்துக்கொள்ள முடியாது. வேலை உறுதியாகாமல் அவசரப்பட்டுப் பெயரை மாற்றிவிட்டால், ஊருக்குத் திரும்பும்போது இதே வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டிவரும்.

பதிவுக்குப் பின்

ரினிவல் கட்டணத்தை அந்தந்த ஆண்டு ஏப்ரல் 1க்கு முன் கட்ட வேண்டும் என்பது சட்டத்தின் கணக்கு. தவறினால் ரெஜிஸ்ட்ரார் பெயரை நீக்கிவிடுவார், பிறகு கட்டித் திரும்பச் சேர்க்கலாம். இடைப்பட்ட நாளில் நீங்கள் கொடுத்த மருந்துக்குப் பாதுகாப்பு இல்லை. கவுன்சில் நடத்தும் ரிஃப்ரெஷர் கோர்ஸ் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள், ரினிவலில் கேட்பார்கள்.

சான்றிதழை வாடகைக்கு விடாதீர்கள். மாதம் ஒரு தொகை தருகிறேன், கடைக்கு வரவே வேண்டாம், சர்டிபிகேட்டை மட்டும் மாட்டிக்கொள்கிறேன் என்று கேட்பவர்கள் பெங்களூரில் மூலைக்கு மூலை இருக்கிறார்கள். டாக்டர் சீட்டுக்கான மருந்தை பார்மசிஸ்டின் நேரடி மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும் என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65ஆம் விதி சொல்கிறது. நீங்கள் இல்லாத கடையில் தப்பான மாத்திரை போனால், அந்த வீட்டுக்கு நேரும் பாதிப்பில் உங்கள் பெயரும் இருக்கிறது. தொழில்முறைத் தவறுக்காகப் பதிவிலிருந்து பெயரை நீக்க பார்மசி சட்டத்தின் 36ஆம் பிரிவு கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது.

ஒரு கடையை விட்டு விலகும்போது மாட்டியிருக்கும் ஒரிஜினலைக் கையோடு எடுத்து வாருங்கள். நின்றுவிட்ட தேதியைக் குறிப்பிட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் கவுன்சிலுக்கும் கடிதம் கொடுத்து, சீல் வைத்த ஒப்புகை நகல் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் அந்தக் கடையின் லைசன்ஸ் ஆவணங்களில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும், அடுத்த கடைக்காரர் உங்களைப் பார்மசிஸ்டாகக் காட்டி விண்ணப்பிக்கும்போது அது அங்கேயே நின்றுவிடும்.